உமி நிலையத்தின் ஒரே சான்று

கோயம்புத்தூரில் இரயில் நிலையத்துக்குப் பின்புறம், பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றின் மாடியில், 'நில அளவை ஆவணப் பிரிவு' என்று பலகை தொங்கும் அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே நிலமும் இல்லை, அளவையும் இல்லை. வெட்கத்தோடு படியேறி வருகிறவர்களை வழியில் யாரேனும் மறித்துக் கேட்டால், பட்டா விஷயமாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வர வசதியாக இருக்கட்டும் என்றே அந்தப் பலகையை மாட்டச் சொன்னவர் நாச்சிமுத்து. நிலையத்தின் தலைவர் அவர்தாம். வெளியூர் ஆவணங்களில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. உள்ளூரில் விஷயம் தெரிந்தவர்கள் உமி நிலையம் என்பார்கள்.

அங்கே வருகிறவர்களின் கதை பெரும்பாலும் ஒரே கதைதான். முன்பின் தெரியாத ஒருத்தி, அல்லது ஒருவன், இணையத்தில் நட்பாகிறான். நாலு நாள் இனிக்கப் பேசுகிறான். ஐந்தாம் நாள் கேமராவைப் போடச் சொல்கிறான். மனிதர் தம்மை மறந்து நின்ற இரண்டு நிமிடத்தைப் பதிவுசெய்துகொண்டு, "பணம் அனுப்பு, இல்லையென்றால் உன் ஃபோனில் உள்ள அத்தனை பேருக்கும் இது போகும்" என்கிறான். நாச்சிமுத்து அவர்களிடம் முதலில் தேநீர் கொடுத்து, பிறகு சொல்லுவார்: "பணம் அனுப்பாதீங்க, அனுப்பினா இன்னும் கேப்பான். பதில் போடாதீங்க. எதையும் அழிக்காதீங்க. இன்னிக்குத் தனியா இருக்காதீங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

மிச்சம் என்பது உமி. பாதிக்கப்பட்டவரின் ஃபோனை நிலையத்து இயந்திரம் ஒரு மணி நேரம் படிக்கும். முகம், குரல், எழுதிய செய்திகள், எடுத்த படங்கள் எல்லாவற்றையும் படிக்கும். படித்துவிட்டு அவரை வைத்து நாற்பது பொய்க் காணொளிகளைச் செய்யும். ஒன்றில் அவர் யானைமேல் வருவார், ஒன்றில் சிறையில் அழுவார், ஒன்றில் சொல்லக் கூசும் கோலத்தில் நிற்பார். மிரட்டுகிறவன் அனுப்புவதற்கு முன்பே இவை உற்றார் உறவினர் அனைவருக்கும் போய்விடும். அதன்பின் உண்மையான ஒன்று வந்தாலும், உமிக்குள் விழுந்த ஒற்றை நெல்மணி போல, நாற்பத்தோராவது பொய்யாகத்தான் தெரியும். யாருக்கு உமி வருகிறதோ அவரே மாட்டிக்கொண்டவர் என்று ஊர் கண்டுபிடித்துவிடக் கூடாதல்லவா? அதற்காக ஒரு தவறும் செய்யாத ஆயிரக்கணக்கான தொண்டர்களும் தங்கள் முகத்தைக் கொடுத்திருந்தார்கள். நாச்சிமுத்துவே கொடுத்திருந்தார். அவர் காவடி எடுத்து ஆடும் காணொளியைப் பார்த்து அவருடைய சம்பந்தி வீட்டார் ஒரு வாரம் சிரித்தார்கள்.

நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவர் ஆட்காட்டிக் குருவியின் கதையைச் சொல்லுவார். "அது கூடு கட்டாதுங்க. வெட்டவெளியில, கூழாங்கல்லுக்கு நடுவுல முட்டை வெக்கும். முட்டையும் கல்லு மாதிரியே இருக்கும். நரி பக்கத்துலயே நடந்து போகும், தெரியாது." இந்தக் கதைக்கு மிச்சம் ஒன்று உண்டு, அப்போது அவருக்கு அது தெரியாது. அந்தக் குருவிக்கு அச்சம் தீரவில்லை. நாள்தோறும் இன்னும் சில கற்களை உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தது. ஒருநாள் மழை வந்தது. முட்டையை மூடி உட்கார ஓடிவந்த குருவி, ஒவ்வொரு கல்லாக உட்கார்ந்து பார்த்தது.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, நான்காம் தேதி, முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி மூச்சு வாங்கப் படியேறி வந்தாள்.

"ஏனுங்க, நாச்சிமுத்துங்கறது நீங்களா?"

"ஆமாம்மா. உக்காருங்க. பட்டா விஷயமா?"

"பட்டாவுமில்ல, சிட்டாவுமில்லீங்க. என்ற தம்பி விஷயம். கார்வேந்தன். நாலு வருசத்துக்கு முந்தி இதே நாற்காலியில உக்காந்திருப்பான். நான் அவன் அக்கா, கோகிலவாணி. திருப்பூரு."

நாச்சிமுத்துவுக்கு நினைவு வந்தது. நூற்பாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பையன். சாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இரண்டு டம்ளர் தேநீர் குடித்தவன். அவனுக்குப் போட்ட உமி நன்றாக வேலை செய்தது; மிரட்டியவன் மூன்றே நாளில் அலுத்துப் போய் விலகிவிட்டான்.

கோகிலவாணி தன் ஃபோனை மேசைமேல் வைத்தாள். திரையில் கார்வேந்தன் இருந்தான். இளைத்திருந்தான். மஞ்சள் சுவர், கம்பி போட்ட சன்னல், சன்னலுக்கு அப்பால் கலங்கலாக ஓர் ஆறு. "அக்கா, கம்ப்யூட்டர் வேலைன்னு கூட்டிட்டு வந்து அடைச்சு வெச்சுட்டாங்க. நாள் பூரா முன்னபின்ன தெரியாதவிய கூடப் பேசி, படம் புடிச்சு மிரட்டச் சொல்றாங்க. எனக்கு அன்னிக்குச் செஞ்சாங்களே, அதே வேலை. முடியாதுன்னா அடிக்கறாங்க. பத்தாம் தேதி வேற எடத்துக்கு மாத்தப் போறாங்க. அதுக்குள்ள யார்கிட்டயாச்சும் சொல்லுக்கா." அழுகையில் கடைசிச் சொல் நசுங்கியது.

"இது உங்க உமியா, என்ற தம்பியா?" என்றாள் அவள். "அதை மட்டும் சொல்லுங்க. நான் போயிர்றேன்."

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன்கிட்ட ஃபோன்ல பேசினீங்களா?"

"வெளிநாட்டு வேலைக்குப் போயி நாலு மாசமாச்சுங்க. கம்பெனியில பேச விடறதில்லையாமா. வாரா வாரம் 'நல்லா இருக்கேன்'னு எழுத்துல வருது. எழுத்து நல்லா இருக்கேங்குது, படம் சாகறேங்குது. நான் எதைய நம்பறது? போன பொங்கலுக்கு யானை மேல வந்தானுங்க. அதுக்கு முந்தி ஜெயில்ல இருந்து கதறினான். அடிச்சுப் புடிச்சு ஃபோன் பண்ணினா, பல்லு வெளக்கிட்டு இருக்கேங்கறான்! அதுக்கப்பறம் எங்கூட்டுல யாரும் பாக்கறதே இல்ல. 'உன்ற தம்பிக்கு இன்னிக்கு என்ன வேசம்'னு கேட்டுட்டு எங்கம்மா சோறாக்கப் போயிருது."

"புகார் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனுசருதான், உக்கார வெச்சுக் கேட்டாரு. ஆனா, இது செஞ்ச படமில்லைன்னு உமி நிலையத்துல ஒரு வரி வாங்கிட்டு வாங்க, தூதரகத்துக்கு உடனே எழுதறேன்னாரு. நான் பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கறேனுங்க. பத்து வருசமாப் பிசிறு பாத்த கண்ணு இது. நூறு தடவை ஓட்டிப் பாத்துட்டேன்; ஒரு பிசிறு இல்ல. ஆனா யானை மேல வந்ததுலயும் பிசிறு இல்லீங்களே!"

"எங்களுக்குத் தெரியாதும்மா" என்றார் நாச்சிமுத்து.

"செஞ்சவிய உங்களுக்கே தெரியாதா?"

"தெரியக்கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சோம். உமியில ஒரு குறி வெச்சா, ஒருநாள் எவனாவது அதைப் படிச்சிருவான். பதிவேடு வெச்சா, ஒருநாள் எவனாவது திருடிருவான். இயந்திரம் செய்யும், அனுப்பும், எதைச் செஞ்சோம்கறதை மறந்துரும். அஞ்சு வருசம் புதுசு புதுசாச் செஞ்சு விட்டுவிட்டு அனுப்பிட்டே இருக்கும். உங்க தம்பிக்கு இன்னும் ஒரு வருசம் பாக்கி."

"அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச பேச்சு எதாச்சும் அதுல இருக்குதான்னு பாத்தா?"

"அவன் ஃபோன்ல இருந்த அத்தனையும், பின்னால வந்ததும் இயந்திரத்துக்குத் தெரியும். ஃபோன்ல வராத பேச்சு எதாவது உங்க ரெண்டு பேருக்குள்ள இருக்குதா?"

கோகிலவாணி விரல்விட்டு எதையோ எண்ணுவதும் கலைப்பதுமாக இருந்தாள். கடைசியில், "பக்கத்து ரூம்ல இருந்தாக்கூட நாங்க ஃபோன்லதானுங்க கூப்புட்டுக்குவோம்" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அன்று பிற்பகல் நாச்சிமுத்து ரெஹானாவைக் கூப்பிட்டார். இயந்திரத்தைக் கட்டியவள் அவள். உமிக்குக் குறி வேண்டும் என்று தொடக்கத்தில் மன்றாடியவளும் அவளே.

"உன் குறியை நான்தானே அழிக்கச் சொன்னேன்" என்றார்.

"அதை இப்போ பேசி என்ன சார்? உங்க இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்." அவள் காணொளியை மூன்று முறை பார்த்தாள். "எனக்கும் தெரியல. அந்த ஆறு, அந்தச் சுவர்... இயந்திரம் நினைச்சா இதைச் செய்யும். அந்தப் பையனும் நினைச்சா இதைப் பேசுவான்."

"ஒரு வரி எழுதிக் கொடுத்தா என்ன?"

"முதல் விதி என்ன சார்? எந்தப் படத்தைப் பத்தியும் ஆம்னோ இல்லைன்னோ நாம சொல்லக்கூடாது. நீங்க எழுதின விதி."

"தெரியும்."

"ஒண்ணுக்குச் சொல்லிட்டா அப்புறம் எல்லாத்துக்கும் கேப்பாங்க. 'இது உமிதானே, எழுதிக் குடுங்க'ன்னு புருஷன் வந்து நிப்பான், மாமனார் வந்து நிப்பார், முதலாளி வந்து நிப்பார். நாம வாயை மூடிட்டு இருந்தா அதுவே பதிலாயிடும். நம்மகிட்ட உமி வாங்கினவங்க பதினோராயிரம் பேர் சார். அவங்கள்ல பாதிப்பேர் நம்ம மௌனத்துக்குள்ளதான் குடியிருக்காங்க."

"அவங்க மானம் போகும். இவன் உயிர் போகும்."

"அது அவன்தான்னு உங்களுக்கு உறுதியா?"

"இல்ல."

"அப்போ பொய்ச் சான்று."

"தெரியாத சான்று" என்றார் நாச்சிமுத்து. "பொய்யின்னும் தெரியாது."

ரெஹானா சிரித்துவிட்டாள், சிரித்ததற்காக உடனே வருந்தவும் செய்தாள். "தெரியல, போய்ப் பாத்துட்டு வாங்கன்னு மட்டும் எழுத முடியாதா சார்?"

அவர் அதையும் எழுதிப் பார்த்தார். தெரியாது என்று முத்திரையிட்டுச் சொல்லும் கடிதத்தை எடுத்துக்கொண்டு, அயல்நாட்டுக் காவலர் ஒரு கட்டடத்தின் கதவை உடைப்பார்களா? அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். ஐந்தாம் தேதியும் கழிந்தது. அன்று முழுவதும் கோகிலவாணி படிக்கட்டின் கீழ், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் அவளுக்குத் தயிர்ச்சாதப் பொட்டலம் ஒன்றை அனுப்பினார். பிரிக்காமல் திருப்பி அனுப்பி, "அவன் அங்க என்ன திங்கறானோன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஆறாம் தேதி காலை பத்து மணிக்கு நாச்சிமுத்து ஒரே வரி எழுதினார்: 'இணைப்பில் கண்ட காணொளி இந்நிலையத்தால் செய்யப்பட்டதன்று.' கையெழுத்துப் போட்டார். முத்திரையைத் தாமே குத்தினார். அதை இன்னொருவர் கையால் செய்விக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஒன்பதாம் தேதி, வேலைக்கடிதத்தில் இருந்த விலாசத்தை வைத்து, அந்த நாட்டுக் காவலர்கள் ஆற்றங்கரையில் இருந்த மஞ்சள் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர் வெளியே வந்தார்கள். அவர்களில் கார்வேந்தனும் இருந்தான்.

கோகிலவாணி ஃபோனில் பேசவில்லை, நேரில் வந்தாள். வந்தவள் இரு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றாள். அன்று மாலை நாச்சிமுத்து வீட்டுக்குப் போகும் வழியில் பூ வாங்கினார். அவர் மனைவிக்கே அது வியப்பாக இருந்தது.

மறுநாள் செய்தி வெளியாயிற்று: உமி நிலையத்தின் சான்றால் இளைஞர் மீட்பு. அதற்கு மறுநாள் படிக்கட்டில் வரிசை நின்றது. ரெஹானா சொன்னவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் வந்தார்கள். பாகப் பிரிவினையில் அண்ணனை மடக்க நினைத்த தம்பி வந்தான். எல்லோர் கையிலும் ஒரு ஃபோன். எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி. நாச்சிமுத்து, "நிலையம் கருத்துச் சொல்வதற்கில்லை" என்று அச்சடித்த தாளைக் கொடுத்தார். மனைவியின் படத்தோடு வந்திருந்த ஒருவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "அப்போ நெசந்தானுங்களே" என்றார். "பொய்யா இருந்தா, அந்தப் பையனோடது நெசம்னு எழுதின மாதிரி, இது பொய்யின்னு எழுதிக் குடுத்திருப்பீங்க." அப்படி இல்லை ஐயா, பொய் என்றும் நாங்கள் எழுதுவதில்லை என்று அவர் சொல்வதைக் கேட்க அந்த மனிதர் நிற்கவில்லை.

அந்த மனிதரின் மனைவி பத்து நாள் கழித்து வந்தாள். பெயர் தமயந்தி, கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தர். ஆறு வருடங்களுக்கு முன், கல்யாணத்துக்கு முன்பு, இதே நாற்காலியில் உட்கார்ந்து குருவியின் கதையைக் கேட்டவள். இப்போது உட்காரவில்லை. கையில் துணிப்பெட்டி இருந்தது.

"எங்க அம்மா வீட்டுக்குப் போறேன் சார். பஸ்ஸுக்கு நேரமிருக்கு, அதான் ஏறி வந்தேன்."

"அம்மா, நான் ஒண்ணுமே சொல்லல..."

"தெரியும் சார். நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கன்னுதானே நான் உங்ககிட்ட வந்தேன். அந்தப் பையனைக் காப்பாத்தினீங்க. நல்லது. என் தம்பியா இருந்தா நானும் உங்க காலைப் புடிச்சிருப்பேன்." அவள் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். "ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

பதினோராயிரம் பேரையும் எப்படிக் கேட்பது என்று அவர் அவளிடம் சொல்லவில்லை. அவள் சொன்னது அதுவல்ல என்று அவருக்குத் தெரிந்தது.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இனி எக்காரணம் கொண்டும் எவருக்கும் சான்று தரலாகாது என்றும் அதில் இருந்தது. நாச்சிமுத்து ஆண்டு முடிவில் தாம் ஓய்வுபெற விரும்புவதாக எழுதினார். ஒருவனைச் சாவிலிருந்து இழுத்தோம், அதற்கு விலை இத்தனை வீடுகள் என்று நாளும் தராசு பிடித்துப் பார்த்தார். பார்க்கும்தோறும் தட்டு ஒருபக்கமாக நிற்கவில்லை. ஆயினும் அந்த அழுகுரல் உண்மை என்பது மட்டும் அவருக்கு ஓர் ஆறுதலாக இருந்தது. உண்மையான ஒரு குரலுக்குத்தான் செவி கொடுத்தோம். அதில் பிழை இல்லை.

கார்த்திகை மாதத்தில் கார்வேந்தன் வந்தான். முகம் தேறியிருந்தது. இடது கை விரல் ஒன்று கோணலாகக் கூடியிருந்தது. அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"சார், ஒண்ணு கேக்கலாமுங்களா? அந்த வீடியோவை நான் பாக்கணும். அக்காகிட்டக் கேட்டா, அதைப் பாத்தாலே அழுகை வருதுன்னு அழிச்சுப்போட்டேன்னு சொல்லுச்சு."

சான்றோடு இணைத்த நகல் நாச்சிமுத்துவிடம் இருந்தது. கணினியில் போட்டுக் காட்டினார். கார்வேந்தன் அசையாமல் பார்த்தான். முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னான்.

"நல்லாப் பேசறானுங்க" என்றான்.

"யாரு?"

"இவன்." திரையைக் காட்டினான். "இது நான் அனுப்பினது இல்லீங்க சார்."

வெளியே சரக்கு இரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை நாச்சிமுத்து காத்திருந்தார். தாம் கேட்டது சரிதானா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"எறங்கின அன்னிக்கே ஃபோனைப் புடுங்கிட்டாங்க. 'நல்லா இருக்கேன்'னு எழுதினதெல்லாம் அவிய. நான் எதும் எடுக்கவுமில்ல, அனுப்பவுமில்ல."

ரெஹானா அழைக்கப்பட்டாள். அவள் கேட்டுவிட்டு நின்றபடியே மெல்லப் பேசினாள். "ஃபோனைப் புடுங்கறதுக்கு முன்னாடி அந்த எடத்தைப் படம் எடுத்தீங்களா தம்பி?"

"ஏஜென்ட் அனுப்பின போட்டோ இருந்துச்சு. போனதும் சன்னல் வழியா ஆத்தை ஒண்ணு எடுத்தேன், அக்காவுக்குக் காட்டலாம்னு."

"தம்பியோட ஃபோன் நகல் இன்னமும் இயந்திரத்துகிட்டதான் இருக்கு சார்" என்றாள் ரெஹானா. "புதுசா வர்றதையும் அது படிக்கும். வேலைக்கடிதம், அந்த ஆறு, திடீர்னு நின்னு போன பேச்சு. குடும்பம் நம்பற மாதிரி ஒண்ணு செய்னு நாம சொல்லி வெச்சிருக்கோம். எல்லாத்தையும் சேர்த்து, நம்பற மாதிரி ஒண்ணு செஞ்சிருக்கு. பத்தாம் தேதிங்கறதும் அதோட கற்பனையா இருக்கும். கெஞ்சறவங்க ஒரு நாள் சொல்லுவாங்கன்னு அதுக்குத் தெரியும்."

ஆக, உமிதான். அவர் எழுதிய ஒரே சான்று பொய். அந்தப் பொய்யின் பேரில் முப்பத்தெட்டுப் பேர் வெளியே வந்தார்கள். அதே பொய்யின் பேரில் தமயந்தி துணிப்பெட்டியோடு இறங்கிப் போனாள்.

ரெஹானா போனபின் நாச்சிமுத்து கேட்டார். "நாலு மாசம் இருந்தியே. ஒரு தடவைகூட ஃபோன் கையில கிடைக்கலையாப்பா?"

கார்வேந்தன் கோணல் விரலைத் தடவினான். "கெடைச்சுதுங்க. ஆடி மாசத்துல ஒரு நாள், மேஸ்திரி ஃபோனை வெச்சுட்டுக் கீழ போனான். அஞ்சு நிமிசம். அக்கா நம்பர் மனப்பாடம். கேமராவைத் தொறந்து என்ற மூஞ்சியைப் பாத்தேன்."

"அப்புறம்?"

"திருப்பி வெச்சுட்டேன்."

"ஏம்ப்பா?"

"அனுப்பினா அக்கா என்னன்னு நெனைக்கும்? 'இன்னிக்கு இந்த வேசமா'ன்னு சிரிக்கும். அம்மா சோறாக்கப் போயிரும். மாட்டினா எனக்கு ஒதை வேற. எதுக்குன்னு வெச்சுட்டேனுங்க." கோபம் எதுவும் இல்லாமல்தான் சொன்னான். "நான் அழுகக்கூட இல்லீங்க சார், நாலு மாசமும். இவன் எனக்குச் சேத்து அழுதிருக்கான்."

நாச்சிமுத்து மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். இன்னும் ஒன்பது மாதம் உமி பாக்கியிருந்தது. அவன் கையெழுத்துப் போட்டால் இன்றே நிறுத்திவிடலாம். இயந்திரத்திலிருக்கும் நகலும் அழிந்துவிடும். அதைச் சொல்லிப் பேனாவை நீட்டினார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அதையாவது செய்துவிட வேண்டும் என்று இருந்தது.

"இதுக்கு மேல வேண்டாம்ப்பா. நீ பேசினா நீதான் பேசறேன்னு உன் வீட்டுல நம்பணும். போட்டுரு."

கார்வேந்தன் படிவத்தை முழுவதும் படித்தான். பேனாவை வாங்கினான். திரையில், கடைசிச் சொல்லோடு உறைந்து நின்ற அந்த முகத்தை ஒரு முறை பார்த்தான். பிறகு பேனாவை மூடி மேசைமேல் வைத்தான்.

"இருக்கட்டுங்க சார்" என்றான். "எனக்காக உதவி கேக்கறதுக்கு அவனாச்சும் இருக்கட்டும்."